துரை ஏறினால்தான் வேன் கிளம்பும்

உத்தமன் என்று பெயர் வைத்துவிட்டு அப்பா பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். மாட்டிக்கொண்டது பிள்ளை. ஆவடியில் ராணுவ வண்டி செய்கிற தொழிற்சாலையில் லேத்து மிஷினில் நின்ற உத்தமன், ஒரு நாள் தாமதமாக வந்தால் போதும், "உத்தமனே இப்படிப் பண்ணலாமா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பீடி பற்றவைத்தால் அதே கேள்வி. சீட்டாட உட்கார்ந்தால் அதே கேள்வி. எதற்கு வம்பு என்று பீடியை விட்டான், சீட்டை விட்டான், சனிக்கிழமை சாயந்தரங்களையும் விட்டான். கடைசியில் அவனிடம் மிஞ்சிய ஒரே கெட்ட பழக்கம் பொறாமை. அதில் ஒரு சௌகரியம், வெளியே வாடை அடிக்காது.

எதிர் குவார்ட்டர்ஸ்காரன் ஸ்கூட்டர் வாங்கினால் உத்தமனுக்கு ராத்திரிச் சோறு இறங்காது. பக்கத்து மிஷின்காரனுக்கு மாமியார் வீட்டிலிருந்து பலாப்பழம் வந்தால் இவனுக்கு வயிறு வலிக்கும். இதெல்லாம் சில்லறைப் பொறாமை. வந்த வேகத்தில் போய்விடும். போகாத ஒன்று வந்தது, பெண்டாட்டி விஷயத்தில்.

முத்தாபுதுப்பேட்டையில் ஊரார் வயலில் நாற்று நட்ட குடும்பம் அவனுடையது. அந்த வீட்டுக்கு அரக்கோணம் பக்கத்திலிருந்து லோகநாயகி மருமகளாக வந்தபோது, பெண் பி.ஏ. படித்தவள் என்று தெரு முழுக்கப் பேச்சு. வேலூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி, ஹாஸ்டல் வாசம். ஐ.டி.ஐ. படித்த உத்தமனுக்குப் பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று முதல் மாதம் பூராவும் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. "தண்ணி வச்சிருக்கேன்." "சோறு போடட்டுமா." "லைட்டை அணைக்கட்டுமா." இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே ஆறு வருஷம் குடித்தனம் நடந்தது, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அடக்கமான பெண் என்று மாமியார் மெச்சினாள். உத்தமனும் அப்படித்தான் எண்ணியிருந்தான்.

எண்பத்தாறாம் வருஷம் அம்பத்தூர் பத்மா வந்து சேர்ந்தாள். லோகநாயகியோடு அதே ஹாஸ்டலில் இருந்தவள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, காட்டுப்பாக்கம் என்று சிதறிக் கிடந்த பழைய மாணவிகளை ஒவ்வொரு சமையலறையாகத் தேடிப் பிடித்து, ஒரு சங்கம் கட்டினாள். சங்கத்தின் நோக்கம் சமூக முன்னேற்றம், கலாசார வளர்ச்சி என்றெல்லாம் நோட்டீசில் இருந்தது. நடைமுறையில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து ஊர் சுற்றினார்கள். பூண்டி ஏரி, வள்ளுவர் கோட்டம், மயிலாப்பூரில் ஒரு நாடகம், மகாபலிபுரம். கலாசாரம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் புளிசாதத்தோடு போய் வந்தார்கள்.

போனால் போகட்டும் என்றுதான் உத்தமன் இருந்தான். திரும்பி வரும்போது அவள் முகம்தான் அவனை அரித்தது. வேனிலிருந்து இறங்கி வாசல் வரைக்கும் அந்த முகத்தில் ஒரு சிரிப்பின் மிச்சம் இருக்கும். வாசற்படி ஏறும்போது அதைச் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவாள். "சோறு போடட்டுமா."

எண்பத்தேழு கோடையில் ஒரு பகல். நைட் ஷிப்டு முடித்து உத்தமன் பாயில் கிடந்தான். அடுத்த சுற்றுலாவைப் பற்றிப் பேச பத்மாவும் காட்டுப்பாக்கத்து அம்மா ஒருத்தியும் வந்திருந்தார்கள். லோகநாயகி காபி போட உள்ளே போனாள். அண்ணன் தூங்குகிறார் என்று நினைத்து இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். தாழ்ந்த குரல் என்றால் உத்தமன் காது ரேடியோப் பெட்டி, உடனே பிடித்துவிடும்.

"இந்த வாட்டி துரை பக்கத்துல நான்தான் உக்காருவேன்," என்றாள் காட்டுப்பாக்கம். "போன வாட்டி நீயே உக்காந்துகினே."

"துரை எங்க உக்காரச் சொல்றாரோ அங்கதான். துரை ஏறினாத்தான் வேனே கிளம்பும், தெரியுமில்ல."

"மகாபலிபுரத்துல துரை பாடினாரே, எனக்கு ஊட்டுக்கே போவ மனசு வரல."

"மெதுவா பேசு. ஊட்ல கீறவங்களுக்கு துரை யாருன்னே தெரியாது. பாவம், தூங்கட்டும்."

தூங்குவதாவது. பாயில் கிடந்த உத்தமனின் காதிலிருந்து புகை வராத குறை. வேனில் ஒரு ஆம்பளை வருகிறான். பாடுகிறான். அவன் பக்கத்தில் உட்கார அடிதடி நடக்கிறது. அவன் யார் என்று இந்த வீட்டில் இருக்கிற பாவத்துக்குத் தெரியாது.

மறுநாள் வேலையில் கன்னியப்பனைப் பிடித்தான். பக்கத்து மிஷின், பலாப்பழக்காரன்.

"மச்சான், துரைன்னு ஒர்த்தன். ஆளு எப்பிடி இருப்பான்?"

"செவப்பா இருப்பான்," என்றான் கன்னியப்பன். "இன்னா விஷயம்?"

"எனக்கில்ல. பிரண்டு ஒர்த்தனுக்கு." சொல்லிவிட்டுப் பிரண்டின் கதை என்று முழுவதையும் கொட்டினான்.

கன்னியப்பன் மிஷினை நிறுத்திவிட்டு யோசித்தான். "ரெண்டுல ஒண்ணு மாமே. வேன் டிரைவரா இருப்பான், இல்லாட்டி காலேஜ் புரொபசரா இருப்பான். டிரைவர்னா கூப்ட்டு நாலு தட்டு தட்டலாம். புரொபசர்னா கஷ்டம். இங்கிலீஷ்ல திட்டுவான், இன்னா திட்டினான்னே தெரியாது."

"இப்ப பிரண்டு இன்னா செய்யட்டும்?"

"பிரண்டை மொதல்ல ஊட்ல கேக்கச் சொல்லு, உத்தமா."

ஊட்டில் கேட்டான். நேராகக் கேட்க உத்தமன் என்ற பெயர் விடவில்லை. சுற்றி வளைத்தான்.

"உங்க வேன்ல ஆம்பளைங்க வருவாங்களா?"

"டிரைவர் வருவாரு."

"வேற?"

"வேற யாரு வரப்போறா."

"பாட்டு கீட்டு உண்டா?"

"உண்டு." அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பை உத்தமன் அன்று ராத்திரி முழுக்கப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். தன்னை ஒருத்தனோடு ஒப்பிட்டு வைத்திருக்கிறாள், அதில் தான் தோற்றுப்போய் இருக்கிறோம். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தோற்கடித்தவன் மூஞ்சியைப் பார்த்தே தீர வேண்டும்.

அடுத்த ஞாயிறு எழும்பூர் மியூசியம். அந்தக் காலத்து மெட்ராஸ்காரர்கள் அதைச் செத்த காலேஜ் என்பார்கள். மிருகங்கள் உயிரோடு இருந்தால் உயிர் காலேஜ், செத்துப் பஞ்சடைத்து வைத்திருந்தால் செத்த காலேஜ். காலேஜுக்குப் போனவர்கள் மறுபடியும் காலேஜுக்கே போகிறார்கள் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு, ஓவர்டைம் இருக்கிறது என்று பொய் சொல்லி, மகளை முத்தாபுதுப்பேட்டையில் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, உத்தமன் ரயிலேறினான்.

மியூசியம் வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. மரத்தடியில் துண்டை விரித்து டிரைவர் படுத்திருந்தார். தலை முழுக்க நரை, வாயில் பாதிப் பல் இல்லை. இவர் பக்கத்தில் உட்காரவா அடிதடி? ஆகையால் டிரைவர் துரை இல்லை. மிச்சம் புரொபசர். உத்தமன் டிரைவரைத் தட்டி எழுப்பினான்.

"அண்ணாத்தே, இந்த வேன்ல துரைன்றது யாரு?"

பெரியவர் கண்ணைத் திறந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "துரையா? உள்ள கீறாரு, போய்ப் பாரு நைனா. நான் கண்ணாடியில அவரைப் பாத்துகினேதான் வண்டி ஓட்டுவேன். சிரிச்சி சிரிச்சி ஸ்டேரிங் ஆடும்."

கிழவனையும் மயக்கி வைத்திருக்கிறான். உத்தமன் முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு உள்ளே போனான்.

திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிற கூடத்தில் அவர்கள் குரல் கேட்டது. திமிங்கிலத்தின் தலைப்பக்கத்தில் ஒரு தூண். அதன் பின்னால் ஒண்டிக்கொண்டு விலா எலும்புகளின் இடைவெளியில் பார்த்தான். பட்டுப்புடவை, நைலெக்ஸ் புடவை, கூடை, குடை, பிளாஸ்டிக் வாட்டர் பாட்டில். ஆம்பளை என்று ஒருத்தன்கூட இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி ஒருத்தர்தான். அவருக்கும் காக்கிச் சட்டையைத் தவிரச் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

"துரை, ஆரம்பிங்க," என்றாள் பத்மா.

உத்தமன் கழுத்தை நீட்டினான்.

கூட்டத்திலிருந்து லோகநாயகி வெளியே வந்தாள். முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. குடையைப் பிரம்பு மாதிரி அக்குளில் இடுக்கியிருந்தாள். மோவாயைத் தூக்கிக்கொண்டு திமிங்கிலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏ மேன். இந்த மீனுக்கு யார் சோறு போட்டது? எலும்பும் தோலுமாக் கீதுன்னா மன்னிச்சி விடலாம். இது வெறும் எலும்பா நிக்குது. கூப்புடு சமையல்காரனை."

குரல் அவளுடையதில்லை. வயிற்றிலிருந்து வருகிற, சம்பளம் கொடுக்கிற குரல். பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்தார்கள். காவலாளி ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

உத்தமனுக்கு நிம்மதி வந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குத்தான். துரை என்று ஒருத்தன் இல்லை, தன் பெண்டாட்டிதான் துரை. அடுத்த மூச்சில் பழைய பொறாமை போய்ப் புதுசு ஒன்று ஏறி உட்கார்ந்தது. ஏழு வருஷத்தில் தனக்கு ஒரு தடவைகூடக் காட்டாததை, இந்தக் காட்டுப்பாக்கத்து அம்மாவுக்கும் முன்பின் தெரியாத காவலாளிக்கும் வாரி இறைக்கிறாளே.

"துரை, ஆவடி ஷிப்டு போடுங்க," என்று ஒரு குரல் கேட்டது.

குடை சைக்கிள் ஆனது. வாயாலேயே ஷிப்டு சங்கு ஊதினாள். ஒரு ஆள் சைக்கிளை நிறுத்தி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்து வீட்டுக்குள் வந்தான். துண்டை உதறினான். ரசத்தை மிஷினில் எண்ணெய் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தான். பேப்பரைப் பிரித்தான். எதையோ படித்தான். தோள் குலுங்கியது, வாய் திறக்கவில்லை, சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. க்ர்ர்ர்க்.

பெண்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தன்னையே உத்தமன் முதன்முதலாகப் பார்த்தான். எவ்வளவு வேடிக்கையான ஆள். இத்தனை நாள் யாரும் சொல்லவே இல்லையே. அவன் தோள் குலுங்கியது. வாயைப் பொத்தினான். பொத்த வேண்டியது வாயை இல்லை.

திமிங்கிலத்தின் தலையிலிருந்து க்ர்ர்ர்க் என்று ஒரு சத்தம் வந்தது.

காட்டுப்பாக்கத்து அம்மா திமிங்கிலத்தை விட்டு நகர்ந்து நின்றாள்.

"துரை," என்றாள் பத்மா, "இப்ப வந்தது நீங்க போட்ட சத்தமில்லையே."

உத்தமன் தூணை விட்டு வெளியே வந்தான்.

"இன்னாண்ணே, நீங்க எங்க இங்க?"

"எலும்பு பாக்க வந்தேன்."

"ஓவர்டைம்னு சொன்னீங்க," என்றாள் லோகநாயகி. கேட்டது லோகநாயகிதான். அதற்குள் முந்தானை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறிவிட்டது. குடை வெறும் குடை ஆகிவிட்டது. மோவாய் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. "சாப்டீங்களா?"

பத்மாதான் விளக்கம் சொன்னாள். காலேஜ் நாடகத்தில் வெள்ளைக்கார கலெக்டர் வேஷத்துக்கு ஆள் இல்லை. லோகு கோட்டு மாட்டிக்கொண்டு ஏறினாளாம். அன்றைக்கு ஒட்டிய துரை பட்டம் அப்புறம் இறங்கவே இல்லையாம். உத்தமன் தலையை ஆட்டிக்கொண்டான். வேனில் அவனையும் ஏற்றிக்கொண்டார்கள், டிரைவர் பக்கத்தில். ஆவடி வரைக்கும் யாரும் பாடவில்லை. ஸ்டேரிங் ஆடவே இல்லை. பெரியவர் அவனை அடிக்கடி முறைத்தார்.

அன்றிலிருந்து துரை தன் வீட்டுக்கும் வர வேண்டும் என்பதுதான் உத்தமனின் ஏக்கம். அதற்காக அவன் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். "லோகு, அந்த மீன் வசனத்தை இன்னொரு வாட்டி சொல்லேன்," என்று கெஞ்சினான். "சும்மா இருங்க," என்றாள். பாண்டி பஜாரிலிருந்து ஒரு நல்ல குடை வாங்கி வந்தான். அதை மழைக்குப் பிடித்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள். ஒரு நாள் சாப்பிடும்போது தைரியம் வரவழைத்துக்கொண்டு, "துரை, இன்னும் கொஞ்சம் ரசம்," என்றான்.

கரண்டி பாதியில் நின்றது.

"அது அவளுங்க கூப்புடற பேருங்க."

"நான் கூப்ட்டா இன்னா?"

அவள் கோபப்படவில்லை. யோசித்துத்தான் சொன்னாள். "உங்க எதிர்ல வரமாட்டேங்குது. நான் இன்னா பண்றது."

ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்தான். அதன் பிறகு எதிர் வீட்டில் கார் வந்தது, கன்னியப்பன் பதவி உயர்ந்து சார்ஜ்மேன் ஆனான், உத்தமனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவனுடைய பொறாமை முழுக்க மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கே சரியாக இருந்தது. வேன் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பான். அந்த வேனில் இருக்கிற ஒவ்வொருத்தி மேலும், பல்லில்லாத பெரியவர் மேலும், அவனுக்குத் தனித்தனியாக வயிறெரிந்தது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷ ஐப்பசியில் கோளரங்கத்துக்குக் கிளம்பிய வேன், அடைமழையில் அம்பத்தூர் தாண்டவில்லை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஆவடி ஸ்டேஷனையே தாண்டவில்லை. தெருவெல்லாம் தண்ணீர். சங்கம் மொத்தமும் நனைந்துகொண்டு உத்தமன் வீட்டில் வந்து இறங்கியது. நட்சத்திரம் பார்க்கப் போனவர்கள் கூடத்துத் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள்.

"போண்டா வாங்கிகினு வரீங்களா," என்றாள் லோகநாயகி.

வாங்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் திரும்பி வந்தவன், தன் வீட்டு ஜன்னல் பக்கம் வந்ததும் நின்றுவிட்டான். உள்ளேயிருந்து அந்தக் குரல். வயிற்றிலிருந்து வருகிற, சம்பளம் கொடுக்கிற குரல். "ஏ மேன், வானத்தை யார் ஓட்டையா விட்டது? கூப்புடு கொத்தனாரை." அவனுடைய கூடத்தில், அவனுடைய நாற்காலிக்குப் பக்கத்தில், அவனுடைய கூரைக்குக் கீழே.

பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா வாளியில் மழைத்தண்ணீர் பிடிக்க வந்தவள் அவனைப் பார்த்தாள். போண்டாப் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாப்பா, உன் ஊட்டு வாசல்லயே நனைஞ்சிகினு நிக்கற. உள்ள போவேன்."

உத்தமன் உதட்டில் விரலை வைத்தான்.

"உள்ள துரை வந்து கீறாரு."

"எந்த துரை?"

"நான் போனா பூடுவாரு," என்று காதோடு சொல்லிவிட்டு, இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.