பிரிக்காத மெத்தை

காகித ஆலையில் அவருக்குப் ‘பூட்டு’ என்று பெயர். இயந்திரத்துக்குள் கை வைக்கிறவர், வேறு யாரும் அதை ஓட்டிவிடாதபடி சுவிட்சில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஃபிட்டரோ மாட்டிய பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்ப்பார். “விடுங்கண்ணே, அது எங்கயும் ஓடிப்போயிடாது” என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். காரணம் தெரிந்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், வீட்டுக்குப் போகிற அவசரத்தில், யாரோ மறந்துவிட்டுப் போன பூட்டு என்று நினைத்து அதை வெட்டி எறிந்து சுவிட்சைப் போட்டவர் இவர்தான். உள்ளே ஆள் இருந்தார். அவருக்கு வலது கை போயிற்று. போலீஸ் வந்தபோது, அங்கே ஃபோர்மேனாக இருந்த அண்ணன், “நான்தான் வெட்டினேன்” என்று முன்னால் வந்து நின்றார். இவர் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் சிறைக்குப் போய், எட்டாவது மாதம் காய்ச்சலில் அங்கேயே செத்துப்போனார்.

அதற்குப் பிறகு மனிதர் ஒண்டிக்கட்டை. அண்ணி வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஞாயிறு தவறாமல் ஆலயத்தில் கடைசி பெஞ்சில் உட்காருவார். நமக்குப் பதிலாக இயேசு தண்டனையை ஏற்றுக்கொண்டார் என்று போதகர் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இவருக்கு அண்ணன் முகம்தான் தெரியும். அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தால் இவர் வாசலுக்குப் போய்விடுவார்.

இவர் காய்ச்சலில் கிடப்பதாக யாரோ சொல்லி அண்ணி வந்தார். கட்டிலில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை. கீழே வெறும் சிமெண்டுத் தரையில் கொழுந்தன்.

“என்ன தம்பி, மெத்தைய காட்சிக்கு வச்சிருக்கீங்களா?”

“அண்ணன் ஜெயில்ல தரையிலதான படுத்தாரு. அன்னிக்குப் பூட்ட வெட்டுனது...”

“தெரியும். மொத தடவ ஜெயில்ல பாத்தப்பவே சொல்லிட்டாரு. நீங்க வந்து சொல்வீங்கன்னு இத்தன வருஷமா வாசலையே பாத்துட்டிருந்தேன்.”

“கோவமில்லையா அண்ணி?”

“வயிறெரிஞ்சு கெடந்தேன். ஆனா அவரு தரையில படுத்தது நீங்க நல்லாப் படுக்கணும்னுதான். அது பத்தலன்னு நீங்களும் கெடந்தா, அவரு செத்தது வீணா? கோயில்ல என்னதான் கேக்குறீங்க? இயேசு சிலுவையில முழுசா முடிச்சாரா, இல்ல மீதிய உங்கள பாத்துக்கச் சொன்னாரா?”

அண்ணி உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். கைத்தாங்கலாக எழுப்பிப் படுக்கவைத்தார். மெத்தை முதுகைத் தாங்கியதும் அவர் விம்மி விம்மி அழுதார்.

அடுத்த ஞாயிறு அப்பத்துக்கு இரண்டு கையையும் நீட்டினார். ஆலயத்திலிருந்து நேரே, கையை இழந்தவரின் தெருவுக்கு நடந்தார். அண்ணியும் கூடவே வந்தார்.

“நான் தனியாப் போய்ச் சொல்லிக்கிறேன், நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணி.”

அண்ணி போகவில்லை. கொழுந்தன் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.