முழங்கையில் குடைத்துணி

1944-ம் வருடம், சண்டைக் காலம். நான் சேத்தூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். என் வீட்டை ஒட்டிய தோட்டத்துக் கிணற்றில் தனக்கும் பங்கு உண்டு என்று ஒரு விதவைப் பெண் தன் கொழுந்தன் மேல் வழக்குப் போட்டிருந்தார். அவர் வீட்டார் தங்கள் முறை நாளில் தண்ணீர் இறைத்ததை வருடக்கணக்காகப் பார்த்தவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவருக்கு என்னை விட்டால் வேறு சாட்சி இல்லை.

என்னிடம் இருந்தது ஒரே கோட்டு. ஆசிரியர் பயிற்சி முடித்ததும் மதுரையில் ஆசையாகத் தைத்தது. வலது முழங்கை நைந்து ஓட்டை விழுந்திருந்தது. வேறு துணியில் ஒட்டுப் போட்டால் கோட்டின் அழகே போய்விடும் என்று தள்ளிப் போட்டு வந்தேன். சாட்சி சொல்ல வேண்டிய நாள் காலையில் எடுத்துப் பார்த்தால், பழுப்புக் கோட்டில் கறுப்பாக ஒரு சதுரம்.

“கோட்டுத் துணிக்கு இப்ப எங்க போக? பழைய குடைத்துணிதான் இருந்துச்சு. முழங்கை தெரிய கோர்ட்டுல நிக்கப் போறீகளா?” என்றாள் என் மனைவி.

நான் அந்த ஒட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கூண்டில் நின்றபோது துண்டு நழுவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் குனிந்து அதைச் சரி செய்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் சட்டென்று நீதிபதி பக்கம் திரும்பினார். “சாட்சி துண்டுக்குள்ளே சீட்டு வைத்துப் பார்த்துச் சொல்கிறார்.”

நீதிபதி துண்டை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். கறுப்பு ஒட்டும் வெள்ளை நூலில் போட்ட பெரிய பெரிய தையலும் வெளியே தெரிந்தன. பின் பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது.

அந்த நிமிஷம் என்னவோ எனக்குப் பயம் விட்டுப் போயிற்று. “இது என் மனைவி போட்ட ஒட்டுங்க, ஐயா. வெக்கப்பட்டு மறைச்சேன். வேற எதையும் நான் மறைக்கல” என்றேன். நீதிபதி தலையசைத்து, மேலே கேட்கும்படி வக்கீலுக்குக் கை காட்டினார். அதன் பிறகு இரண்டு கையையும் கூண்டுக் கட்டையில் ஊன்றிக்கொண்டு, வக்கீலின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னேன்.

வெளியே வந்ததும் அந்த அம்மாள், “நீங்க துண்டையே பாத்துப் பாத்துப் பேசவும், எனக்கே சந்தேகம் வந்துருச்சு வாத்தியாரய்யா” என்றார். வக்கீல் பேசியதைவிட அது எனக்கு உறைத்தது.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கிணற்றில் அவருக்குப் பங்கு உண்டு என்று ஆனது. அதற்குள் என் இடது முழங்கையும் நைந்திருந்தது. நானே கோட்டை எடுத்துப்போய் மனைவியிடம் கொடுத்தேன்.

கிழிந்ததைத் தைத்துப் போட்டுக்கொள்ள நான் பட்ட வெட்கம், என்னை நம்பி நின்ற ஒருத்தியின் தண்ணீரையே பறித்திருக்கும் என்பதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.