ஈரம் காயாத ஒட்டு

ரேடியேட்டர் பற்றவைக்கும் அவளை எல்லோரும் ரேடியேட்டர் அக்கா என்பார்கள். அவள் கணவனுக்குப் பட்டப்பெயர் ‘ஒட்டு’. வழியில் ஒழுகி நிற்கும் வண்டிகளைத் தேடிப் போவான். சூடு ஆறும்வரை காத்திருந்து, ஒட்டுப்பசையைப் பிசைந்து ஓட்டையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவான். “மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டிருக்கேன், மெதுவா ஓட்டுங்க. மிச்சத்தை என் வீட்டுக்காரி பாத்துப்பா” என்று கடைக்கு அனுப்பிவைப்பான்.

“பாதிக் கிணறு தாண்டுறதே இந்த மனுஷனுக்குப் பொழப்பு. மீதி என் தலையில” என்று அவள் கரித்துக்கொட்டாத நாளில்லை. போன மழைக்காலத்தில், சாலை வளைவில் ஒரு காருக்கு அப்படி ஒட்டிக்கொண்டிருந்தபோது லாரி மோதி அவன் செத்துப்போனான்.

நேற்று மதியம் ஒருவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் பானட்டைத் தூக்கினாள். ரேடியேட்டரில் புதிதாகப் பசை அப்பியிருந்தது. அதன்மேல் பதிந்திருந்த கட்டைவிரல் ரேகையின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு ஓடியது. அந்தக் காயத்துக்குக் கட்டுப் போட்டவளே அவள்தான். தொட்டுப் பார்த்தாள். பசை இன்னும் இறுகவில்லை.

“யாருங்க இதை ஒட்டினது?”

“வளைவுல நின்னுட்டிருந்தாரு ஒருத்தர். வழி காட்டுறேன்னு கூடவே வண்டியில வந்தாரே” என்ற வண்டிக்காரர் கடைப்பக்கம் கை காட்டினார். “கை கழுவணும்னு இப்பதான் உள்ள போனாரு. நீங்க பாக்கலையா?”

உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அவள் திரும்பவில்லை. “இந்தத் தடவையாவது பாதியில விட்டுட்டுப் போயிடாதீங்க” என்றாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.