கோப்பை வாங்கிய பொலிகுதிரை

யாரையும் சுலபத்தில் நம்புகிற சுபாவம் எனக்குக் கிடையாது. அதிலும் குதிரைக்காரர்களை அறவே நம்பமாட்டேன். பாகலூர் பக்கம் சின்னதாகக் குதிரையேற்றப் பள்ளி நடத்துவதால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். அது வேறு விஷயம்.

பெங்களூர்ப் போட்டிகளில் தடை தாண்டிப் பரிசுகள் வாங்கியவள் என் பெண்குதிரை. ஒரு குட்டி போட்டாள், அது தங்கவில்லை. வயதாகிவிட்டது, இனி ஒன்றுதான் தாங்கும், அதுவும் இந்த வருஷமே என்றார் டாக்டர். அவள் வம்சம் அவளோடு முடிந்துவிடக் கூடாது என்று நான் கிடந்து தவித்தேன்.

பேரிகை அருகே ரோஜாப் பண்ணைக்காரர் ஒருவரிடம், பெண்குதிரைகளோடு சேர்க்கும் பொலிகுதிரை ஒன்று இருந்தது. அவர் வீட்டுக் கூடத்தில் அலமாரி நிறையக் கோப்பைகள்.

“ப்ரூவன் ஹார்ஸ் மேடம். இதுக்கு மேல என்னா வேணும்?” என்றார்.

“கோப்பையைக் குதிரை வாங்குச்சா, மேல ஏறினவரு வாங்கினாராண்ணா?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கெட்டிக்காரச் சவாரிக்காரர் சுமாரான குதிரையையும் தாண்டவைத்துவிடுவார். பொலிகுதிரைக்குப் பிறந்த குட்டிகளைக் காட்டினார். பளபளவென்றுதான் இருந்தன. ஆனால் அவை தாண்டிக் காட்டும் வயதுக்கு வர இன்னும் சில வருஷங்கள் ஆகும். என்னவளுக்கு அவ்வளவு நாள் இல்லை. ஆக, பார்க்க மிச்சமிருந்தது கால்கள்தான். இத்தனை காலம் தடை தாண்டியும் கால் கெடவில்லை என்றால் அந்தக் குதிரையை ஒப்புக்கொள்ளலாம்.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. நான் போனபோதெல்லாம் அது ஓடி முடித்து, கால்களில் தண்ணீர் சொட்ட நின்றது. கால் வலி இருந்தாலும் உடம்பு சூடேறிவிட்டால் வெளியே தெரியாது. குளிர்ந்த தண்ணீர் அடித்தால் வீக்கமும் அடங்கும். இந்த வித்தையெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன?

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போய் நின்றேன். குல்லாவோடு வெளியே வந்தார்.

“ஒரு போன் பண்ணக் கூடாதா மேடம்?”

“பண்ணினா கழுவி வச்சிருப்பீங்க.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. லாயத்தைத் திறந்து, குதிரையைக் கல்தரையில் நடத்திக் காட்டினார். அடி ஒவ்வொன்றும் சீராக விழுந்தது. குனிந்து கால்களைத் தடவினேன். சூடும் இல்லை, வீக்கமும் இல்லை.

“அப்புறம் எதுக்குண்ணா அந்த ஈரம்?”

“வீட்டுக்கு வர்றவங்களுக்குச் சேத்துக் காலோடவா காட்டுவாங்க?”

எனக்குச் சுருக்கென்றது. அவர் விடவில்லை.

“நீங்க பாத்தாச்சு. நாளைக்கு இதே நேரத்துக்கு நான் உங்க குதிரையப் பாக்கணும். குட்டி நொண்டுச்சுன்னா எங்குதிரை பேருதானே கெடும்?”

“தாராளமா வாங்க. பெங்களூரே பாத்த குதிரை” என்றேன்.

சொன்னபடி வந்தார். நானே கதவைத் திறந்தேன். தினமும் நான் வருவதற்குள் வேலையாள் அவளை வெளியே நடத்தி உடம்பைச் சூடேற்றிவிட்டிருப்பார். லாயத்திலிருந்து அவள் முதலடி வைப்பதை நான் பார்த்தே நாளாயிருந்தது. இடது பின்னங்காலை ஊன்ற மாட்டாமல் எடுத்துவிட்டாள். மறுபடியும் அப்படியே. தண்ணீர்த் தொட்டியை நெருங்குவதற்குள் நடை சரியாகிவிட்டது.

“தூங்கி எழுந்த மரமரப்பு” என்றேன். அவர் இதைச் சொல்லியிருந்தால் நான் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

அவர் தொட்டிவரை வந்து அவள் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். பிறகு மெதுவாக, “உங்களுக்கு எவ்ளோ ஆசைன்னு தெரியுது மேடம். நான் பாக்கலைன்னே வச்சுக்கறேன். சேத்துடலாமா?” என்றார்.

அவள் என் தோளில் மூக்கை உரசி வெல்லம் தேடினாள். அந்தக் காலோடு வயிற்றுப் பாரத்தை எப்படித் தாங்குவாள்? பிறக்கிற குட்டிக்கும் இதே கால் வாய்த்தால்?

“வேணாண்ணா” என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.