கோட்டுக்கு வெளியே ஒரு புளியங்குச்சி

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது.

தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில், விடுமுறை நாள் காலைகளில், சின்னப் பிள்ளைகளுக்கு நான் கால்பந்து சொல்லிக்கொடுத்த காலம் அது. செல்போன் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. என்னிடம் வந்த பிள்ளைகளிலேயே வேகக்காரன் அவருடைய மகன். ஓடும்போது தலையைத் தூக்கிப் பார்க்க மட்டும் பழகிவிட்டால் மாவட்ட அணிவரை போவான் என்று நம்பியிருந்தேன்.

அப்பா மாட்டுவண்டிப் பந்தயத்தில் பேர்போனவர். பந்தயத்தில் வண்டியோடு கூடவே ஒருவர் ஓடி, கத்திக் கத்தி மாட்டை விரட்டுவார். அந்த வேலையை மனிதர் எங்கள் மைதானத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். பையன் பந்தைத் தொட்டதும், கோட்டுக்கு வெளியே புளியங்குச்சியோடு இவரும் ஓடுவார். "நிக்காத, நிக்காத" என்று ஒரே கத்தல்.

பையனும் நிற்கமாட்டான். பக்கத்தில் வருபவனுக்குப் பந்தைத் தரவும் மாட்டான். ஒருமுறை கோல் கம்பத்தையும் தாண்டி, பந்தோடு வெங்காயக் காட்டுக்குள் போய்த்தான் நின்றான். மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை எதிர்ப்பக்கம் மாற்றி ஆடவிட்டேன். அந்த ஆள் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அங்கேயும் வந்துவிட்டார்.

ஒருநாள் பந்தைப் பறிகொடுத்ததற்காகப் பையனின் கெண்டைக்காலில் ஓங்கி ஒன்று வைத்தார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேராக அவரிடம் போனேன். பந்தயத்தில்கூடச் சின்ன மாட்டைப் பெரிய மாட்டோடு விடுவதில்லையே, இவன் இன்னும் கன்றுதானே என்று அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே ஆரம்பித்தேன்.

"உங்க கன்னுக்குட்டிய இப்பிடி அடிப்பீகளா?"

அவர் அசரவில்லை. "கன்னு ஓடலைன்னா சந்தையில வித்துருவேன் வாத்தியாரே. இவன எங்கன கொண்டுபோய் விக்க?"

பையன் எங்களுக்கு நடுவில்தான் நின்றிருந்தான். அணிப் பனியனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அப்பாவின் பைக்கில் போய் ஏறிக்கொண்டான். இனிமேல் இங்கே கால் வைக்காதீர்கள் என்று நான் அவரிடம்தான் சொன்னேன். பையனும் வரவில்லை.

மறுவருஷம் ஆண்டிபட்டிக்குப் போகும் வழியில், வண்டிப் பந்தயம் என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். கடைசியாக வந்த சின்ன வண்டியோடு அவன் ஓடிவந்தான். அதே வேகம். கையில் குச்சி. பூட்டிய கன்றுகளின் முதுகில் மாறி மாறி விளாசிக்கொண்டே, "நிக்காத, நிக்காத" என்று கத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான்.