மூன்றா, எட்டா

எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட பிறகும் அப்பா தபால் கார்டில்தான் செஸ் ஆடினார். எதிராளி தூத்துக்குடியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இருவரும் நேரில் பார்த்ததே கிடையாது. எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குக் காய் போகிறது என்பதற்கு, கட்டத்துக்கு இரண்டாகக் கார்டில் நான்கு எண்கள் இருக்கும். பதில் வர பத்து நாளாகும். ஆறு வருஷத்தில் அப்பா ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. நான் சொல்லவரும் அந்த ஆட்டத்தில் மட்டும், "இந்த வாட்டி வாத்தியாரு மாட்டிகினாரு" என்று தறியில் இருந்த அத்தையிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார்.

கார்டைப் பெட்டியில் போடுவது என் வேலை. போனோமா வந்தோமா என்று இருக்கிற பெண்ணா நான்? வழியில் சாயப் பட்டறையில் பட்டு நூலை முக்கி எடுப்பதை வாய் பிளந்து பார்த்தேன். கார்டு நழுவி ஈரத் தரையில் விழுந்தது. எடுத்தால் முதல் மூன்று எண்கள்தான் பிழைத்திருந்தன. கடைசி எண் மூன்றா எட்டா, தெரியவில்லை.

அப்பா அடிக்கிற ஆள் இல்லை. பேசாமல் இருந்துவிடுவார். ஒருமுறை தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைச் சிக்கலாக்கியதற்கு இரண்டு நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். அதனால் உண்மையைச் சொல்லும் எண்ணம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. புதுக் கார்டு வாங்கி அப்பாவின் எழுத்து மாதிரியே எழுதினேன். கடைசி எண்ணுக்கு அத்தையின் வழக்கம் கைகொடுத்தது. பாவுக்கு இழை எண்ணும்போது சந்தேகம் வந்தால் அத்தை கூடுதலாகத்தான் வைப்பார். மிஞ்சினால் கழித்துக்கொள்ளலாம், குறைந்தால் சேலையே போச்சு. நானும் கூடுதலாக, எட்டு என்று போட்டேன். தாராளமாகச் செய்துவிட்டதாக ஒரு திருப்திகூட.

வீட்டுக்கு வந்து பலகையைப் பார்த்ததும் திருப்தி செத்தது. அப்பாவின் ராணி மூன்றாவது கட்டத்தில் நின்றிருந்தது. எட்டாவது கட்டம் வாத்தியாரின் காய்களுக்கு நடுவே இருந்தது. அய்யோ, ராணியையே தூக்கிக் கொடுத்துவிட்டேன்!

பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தபால்காரரின் மணி கேட்டால் தறிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். "இன்னாமே, பேயறைஞ்சா மாதிரி கீற?" என்று அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பதில் வந்தது. அப்பா அத்தைக்குக் கேட்கும்படி படித்தார்: "ராணி எட்டுக்கு வந்திருக்கிறது. இது உங்கள் எழுத்தும் இல்லை, உங்கள் புத்தியும் இல்லை. சரியான எண்ணை எழுதுங்கள், காத்திருக்கிறேன்."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா பலகையைப் பார்த்தார். என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு ராணியை எடுத்து எட்டாவது கட்டத்தில் வைத்தார்.

"என்னாண்ணா, வேற யார்னா எழுதினாங்களா?" என்றார் அத்தை.

"நான்தாம்மா எழுதினேன். வாத்தியாருக்குக் கண்ணு மங்கிப்போச்சு."

"அது நான் எழுதியதே, ஆடுங்கள்" என்று கார்டில் எழுதி என்னிடம் நீட்டினார். "ஜல்தியா போட்டுட்டு வா."

அடுத்த நாலைந்து கார்டுகளில் அப்பா தோற்றார். எனக்கோ போன உயிர் திரும்பி வந்திருந்தது. தான் எழுதினதே ஞாபகம் இல்லாத இப்படி ஒரு மறதிக்கார அப்பாவா என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஐந்து நாள் யோசித்து நகர்த்திய காயை ஒரு மனிதர் மறந்திருப்பாரா என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.