இரண்டு கருவிகள், ஒரே ஏரி

ஏரிக்கரை ஊரான தோணிரேவில் வீட்டிலிருந்தே கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. மானிட்டரின் நிறத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை நான்கு வருடமாக வைத்திருந்தேன். திரைமேல் தொங்கவிட்டு அளந்து முடித்தால், பிழையே இல்லை என்று அறிக்கை வரும். அது தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்திக்கொள்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. திரையில் நான் வைத்திருந்த எங்கள் ஏரியின் படம் அத்தனை நீலம். அதைப் பார்த்தபடியே மத்தியானங்களில் கண்ணயர்ந்திருக்கிறேன்.

போன கோடையில் நண்பரிடம் புதுக் கருவியை இரவல் வாங்கி அளந்தேன். அதுவும் பிழை இல்லை என்றது. ஆனால் திரையில் ஏரி பழுப்பாகிவிட்டது. எரிச்சலாக வந்தது. எதை நம்புவது?

மனைவி தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடிக்கும் படம் ஒன்றை இரண்டு நிறத்திலும் அவளிடமே காட்டினேன்.

“நீலமா இருக்கறது முகத்துவாரம் தொறந்து கடல்தண்ணி வந்தப்போ. இன்னொண்ணு மண்ணு அடைச்சிருந்தப்போ.”

“ரெண்டும் ஒரே படம்தான்,” என்றேன்.

படத்தில் குனிந்திருந்த தன்னையே உற்றுப் பார்த்தாள். “அப்போ அடைச்சிருந்தப்போதான். கடல்தண்ணி வராம, தண்ணி முட்டிக்கு மேல ஏறல பாரு.”

உப்புக்காற்றில் பழைய கருவியின் கண் மெல்ல மெல்லக் கெட்டிருக்கிறது. முகத்துவாரம் மண் மூடிக் கிடந்த ஏரியை நான் இத்தனை நாளும் திரையில் திறந்தே வைத்திருந்திருக்கிறேன்.